இடது ஓரத்தில் ஒரு போலீஸ் கார்

போலீஸ் காரை ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொள்ள அவளுக்கு முப்பத்தேழு மணி நேரம் பிடித்தது. அவள் எண்ணவில்லை. விளையாட்டைத் திறக்கும்போதெல்லாம் மடிக்கணினித் திரையின் மேல்மூலையில் அதுவே காட்டிவிடும். முதல் பத்து மணி நேரத்தில் துரத்தியதைவிடச் சுவரில் முட்டியதுதான் அதிகம். அடுத்த பத்தில் திருடனின் காரைக் கண்ணால் பார்த்தாள். பிடிக்கத் தொடங்கியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அம்மாவுக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டாள். பாட்டில் தொழிற்சாலையில் காலை வேலை முடிந்து மூன்று மணிக்கு வீடு திரும்புவாள். ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டும் அம்மா வர ஏழாகும். இடைப்பட்ட நேரத்தில், அம்மா கேட்டால் சொல்ல ஒரு வேலை வேண்டுமென்று துணி துவைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டு, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழகினாள். சில நாள் துவைக்கத் துணியே இருக்காது. துவைத்ததையே மறுபடியும் போடுவாள்.

அம்மா அவளைப் 'பூனை' என்று கூப்பிடுவாள். வீட்டுக்குள் வருவதும் போவதும் தெரியாது என்பதால் வைத்த பெயர். பேருந்தில் யாராவது காலை மிதித்தால் அவர்களிடம் இவள் மன்னிப்புக் கேட்பாள். அப்படிப்பட்டவள் இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் துரத்திப் பிடிக்கப்போகிறாள். பிடித்தே ஆகவேண்டும். மறுநாள் திங்கட்கிழமை.

விளையாட்டு வீட்டுக்குள் வந்தது அம்மாவால். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் தலைவலி என்று அம்மா படுத்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவள் அன்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தாள். அடுத்த நாள் எழுந்து வேலைக்குப் போனாள். அந்த வாரமே கையில் பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே விளையாட்டுக் கருவி, சாப்பாட்டு மேசையில் திருகி மாட்டும் ஸ்டீயரிங், காலால் மிதிக்கும் பெடல்கள்.

"யாருக்கும்மா இது?"

"எனக்குத்தான். ஏன், உனக்குன்னு நினைச்சியா?"

ஐம்பதைத் தாண்டிய பெண் போலீஸிடமிருந்து தப்பி ஓடும் விளையாட்டை ஆடுவாள் என்று யார் எதிர்பார்த்தார்கள்? அதுவும் சொந்த ஸ்கூட்டரில் போகும்போது ஆளில்லாத சாலையில்கூடச் சிவப்பு விளக்குக்கு நின்று, பின்னால் ஹாரன் அடிப்பவனைத் திரும்பி முறைக்கும் பெண். ஆனால் ஆடினாள். வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவி, நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். வேண்டுமென்றே சிக்னலைத் தாண்டுவாள். திரையில் ஒரு நட்சத்திரம் எரியும். ஒரு போலீஸ் கார் பின்னால் வரும். பழக்கடையை இடிப்பாள், இரண்டாவது நட்சத்திரம். ஐந்து நட்சத்திரம் எரிந்தால் நகரத்துப் போலீஸ் மொத்தமும் பின்னால் வரும். சந்தில் புகுந்து, பாலத்திலிருந்து குதித்து, எல்லார் கண்ணிலும் மண்ணைத் தூவி ஒரு ஷெட்டுக்குள் நுழைந்துவிட்டால் கார் புதுப்பெயிண்டோடு வெளியே வரும். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணையும். அப்போது அம்மா விடும் மூச்சு சமையலறை வரைக்கும் கேட்கும்.

"என்னதான் இருக்கு இதுல?" என்று பூனை ஒரு நாள் கேட்டாள்.

"வேலையில நான் வந்தா எல்லாரும் ஒதுங்குறாங்க. இங்க ஒருத்தனும் ஒதுங்க மாட்டேங்கிறான். எந்தப் பக்கத்துலேருந்து எவன் வருவான்னு தெரியாது. அது ஒரு தனி சுகம்டி."

அந்தச் சுகம் பூனைக்குப் பிற்பாடு, தானே ஆடியபோதுதான் புரிந்தது. துரத்தும்போது மனத்தில் வேறு எதற்கும் இடமிருப்பதில்லை. வெட்கத்துக்குக்கூட இடமில்லை. முன்னால் ஒரு கார் போகிறது, அதைப் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான். பிடிக்க வேண்டுமென்றால் அதை ஓட்டுபவன் எங்கே பார்க்கிறான், எங்கே பார்க்கவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள் பாலத்தடியில் ஒரு திருட்டு லாரியை மடக்கியபோது துவைக்கும் இயந்திரத்தின் தலையில் ஓங்கித் தட்டினாள். பிறகு யாராவது பார்த்தார்களா என்று காலி வீட்டில் திரும்பிப் பார்த்தாள்.

ஆனால் அவள் சுகத்துக்காகத் தொடங்கவில்லை.

தொழிற்சாலையில் அவளுக்கு மருந்து பாட்டில்களைப் பரிசோதிக்கும் வேலை. அங்கே உடைந்த பாட்டில்களை ஒன்றாகக் கொட்டமாட்டார்கள். கழுத்தில் விரிசல் விட்டவை ஒரு கூடை, தோளில் விட்டவை ஒரு கூடை, அடியில் விட்டவை ஒரு கூடை. எல்லாக் கூடையிலும் கொஞ்சம் கொஞ்சம் விழுந்தால் கவலையில்லை. ஒரே கூடை நிறைந்துகொண்டே போனால் பாட்டிலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இயந்திரத்தில் எங்கோ ஒரு பிடி கோணலாகிவிட்டது என்று அர்த்தம், உடனே நிறுத்தவேண்டும்.

அம்மா பிடிபட்டால் திரையில் அவளுடைய கார் நசுங்கிய கோலத்தில் மெல்லச் சுழலும். பூனை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் நசுங்கியிருந்தது இடது பக்கம். இடது பின்கதவு, இடது சக்கரம். வலது பக்கம் கடையிலிருந்து வந்ததுபோலப் பளபளத்தது. இரண்டு வாரம் பார்த்தாள். ஒரே கூடை நிறைந்துகொண்டே போனது.

பிறகு ஒரு நாள் தொலைக்காட்சியைத் தூசி துடைக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. அந்த விளையாட்டில் கீழே இடது மூலையில் ஒரு சின்ன வரைபடம் இருக்கும். போலீஸ் கார்கள் அதில் சிவப்புப் புள்ளிகளாக ஊரும். ஆடுபவர்களுக்கு அதுதான் உயிர். அம்மா அதை அமைப்புகளுக்குள் போய் வலது மூலைக்கு மாற்றி வைத்திருந்தாள். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கக்கூட மகளைக் கூப்பிடும் அம்மா, இதை மட்டும் யாரிடமும் கேட்காமல் தானே தேடி மாற்றியிருக்கிறாள்.

கேட்டுப் பார்த்தாள். கேட்க மூன்று நாள் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது.

"அம்மா, ஒரு தடவை கண் டாக்டரைப் பார்த்துட்டு வரலாமா?"

"எதுக்கு? எதிர்வீட்டு மாடியில காயிற சட்டையில எத்தனை பொத்தான் இல்லைன்னு சொல்லட்டுமா?"

"அதில்லைம்மா..."

"போன மாசம்தான் ஆஸ்பத்திரியில எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படிச்சேன். படிச்சதாலதான் தனிக் காரே கிடைச்சுது. போய் தோசைக்கல்லை இறக்கு, கருகுது."

அடுப்பில் எதுவும் இல்லை. பேச்சு முடிந்தது என்பதை அம்மா அப்படித்தான் சொல்வாள்.

தனிக் கார் என்பது ஆம்புலன்ஸுக்கு முன்னால் போய்ச் சேரும் சின்ன வண்டி. முதலுதவி தெரிந்த ஓட்டுநர் ஒருவர் மட்டுமே போவார். சந்துபொந்துகளில் நுழைந்து, மூச்சுத் திணறுபவருக்குப் பெரிய வண்டி வரும்வரை உயிரைப் பிடித்து வைக்கவேண்டும். அம்மா அதற்காகப் பல வருடங்களாக முட்டி மோதினாள். இரண்டு முறை பரீட்சையில் தோற்று மூன்றாம் முறை ஜெயித்தாள். சாவி கைக்கு வருவது திங்கட்கிழமை காலை.

அம்மாவின் ஆஸ்பத்திரி மேலாளரின் எண் பூனையிடமும் இருந்தது. நேராக அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். இரண்டு முறை எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் அதைச் செய்ய விரல் வரவில்லை. அம்மா தன் வாயால் சொல்லவேண்டும். ஞாயிறு பொழுது சாய்வதற்குள் சொல்லாவிட்டால் தானே சொல்வது என்று முடிவு செய்தாள். அதற்குப் பிறகு அவளுக்குக் குழப்பம் இல்லை. பழகுவது மட்டும் பாக்கி இருந்தது.

ஞாயிறு மதியம் ஸ்பீக்கர் அண்ணன் வந்திருந்தார். ஆம்புலன்ஸில் அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரும் உதவியாளர். காதோடு ரகசியம் சொன்னாலும் தெருமுனைக்குக் கேட்கும் குரல். நாளை முதல் வேறு ஓட்டுநரோடு போகவேண்டும் என்ற வருத்தத்தை ஒரு டப்பா பிஸ்கட்டாக வாங்கி வந்திருந்தார்.

"உங்கம்மா போனப்புறம் எனக்கு என்ன வேலைன்னே தெரியலை," என்றார் பூனையிடம். "நாலு மாசமா என் வேலையே 'இடது க்ளியர், இடது ஆட்டோ, இடது நாய்'னு கத்துறதுதான். முன்னெல்லாம் வாயைத் திறந்தாலே விழும் திட்டு. இப்ப திறக்கலைன்னா விழுது."

"உன் வாய்க்கு ஏதாவது தீனி போடணும் இல்ல?" என்றாள் அம்மா. சிரித்தாள். ஆனால் மகளின் பக்கம் பார்க்கவில்லை.

பூனை அறைக்குள் போய் மடிக்கணினியை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையின் மறுமுனையில் வைத்தாள்.

"அம்மா, நானும் ஆடுறேன். நீ அதுல ஓடு. நான் இதுல போலீஸ். ரெண்டையும் இணைச்சுக்கலாம்."

அம்மா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாள். "நீயா?"

"மூணு ஆட்டம். ரெண்டு தடவை பிடிச்சுட்டேன்னா நான் சொல்றதை நீ செய்யணும்."

"பிடிக்கலைன்னா?"

"ஒரு மாசம் பாத்திரம் மொத்தமும் நான் கழுவுறேன்."

"இப்ப யாரு கழுவுறா?"

"பாதி நீதான்."

"பூனைக்கு வாய் முளைச்சிருச்சு," என்று அம்மா ஸ்பீக்கரிடம் சொன்னாள். "சரி, வா. பாவம், பாத்திரத்தோட கிட."

பூனை எழுந்துபோய்த் தொலைக்காட்சியில் அமைப்புகளைத் திறந்து வரைபடத்தை இடது மூலைக்கு மாற்றினாள். "எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்," என்றாள். அம்மா ஸ்டீயரிங்கில் கையை வைத்தாள்.

முதல் ஆட்டம். அம்மா முதல் சிக்னலைத் தாண்டியதும் பூனை புறப்பட்டாள். அம்மா எப்படி ஓட்டுவாள் என்பது அவளுக்கு மனப்பாடம். மீன் சந்தையைத் தாண்டியதும் வலதில் திரும்புவாள், பாலத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைப்பதுபோல் ஏமாற்றுவாள். பூனை பாலத்தில் அவளை நெருங்கினாள். இடது பக்கமாக ஏறி இடிக்கப் போனாள்.

"இடது! இடது!" என்று ஸ்பீக்கர் அலறினார்.

அம்மா சட்டென்று வெட்டி ஒதுங்கினாள். பூனை பாலத்துக் கைப்பிடியில் மோதினாள். மறுபடியும் நெருங்கினாள். மறுபடியும் 'இடது' என்றார். அம்மா மறுபடியும் தப்பினாள். ஷெட்டுக்குள் நுழைந்து நட்சத்திரங்களை அணைத்தாள்.

"பார்த்தியா? உன் அம்மாவைப் பிடிக்க இன்னொருத்தி பிறந்து வரணும்," என்று ஸ்பீக்கர் பிஸ்கட்டைக் கடித்தார்.

"அண்ணா," என்றாள் பூனை. "அடுத்த ஆட்டத்துல நீங்க பேசாதீங்க."

"நான் என்னம்மா பண்ணேன்? பழக்கதோஷம்."

"அம்மாவோட புது வண்டியில உங்களுக்கு சீட் இருக்கா?"

"அதுல ஏது சீட்? பக்கத்துல ஆக்ஸிஜன் சிலிண்டர்தான்."

"அப்ப இங்கேயும் பேசாதீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஸ்பீக்கர் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது ஆட்டத்தில் அறையில் இரைச்சல் இல்லை. ஓடும் கார்களின் சத்தமும் சைரனும் மட்டும். பூனை முதலில் வலது பக்கமாக வந்தாள். அம்மா அழகாகத் தப்பினாள். இரண்டாம் முறையும் வலது. அம்மா அதற்கு முன்பே விலகியிருந்தாள். கண்ணில் பட்டதை அம்மா தவறவிடுவதில்லை. நல்ல ஓட்டுநர். அது பூனைக்குப் பெருமையாக இருந்தது. பிறகு இடது பக்கமாக வந்தாள். அம்மாவின் மோவாய் இடது பக்கம் திரும்பி வருவதைக் கடைக்கண்ணால் பார்த்தாள். சைரன் சத்தத்தை வைத்துத் தேடுகிறாள். திரும்பிய முகம் முன்பக்கம் வரும்வரை காத்திருந்து இடித்தாள். அம்மாவின் கார் சுழன்று விளக்குக் கம்பத்தில் மோதி நின்றது. பிடிபட்டது என்று திரை சொன்னது. நசுங்கிய கார் சுழன்றது. இடது பின்கதவு.

"ஒண்ணுக்கு ஒண்ணு," என்றாள் அம்மா. அவள் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "கடைசி ஆட்டம். வா."

மூன்றாவது ஆட்டத்தில் பூனை சைரனை அணைத்துவிட்டாள். அந்த விசையைக் கண்டுபிடிக்கவே அவளுக்கு இருபது மணி நேரம் ஆகியிருந்தது. பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதில்லை. சைரன் இல்லாத துரத்தலில் என்ன இருக்கிறது?

அம்மா மீன் சந்தையைத் தாண்டினாள். பூனை நெருங்கினாள். இடிக்கவில்லை. இடது பக்கமாக ஏறி, அம்மாவின் பின்சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில் தன் காரை வைத்துக்கொண்டாள். அம்மா திரும்பினால் இவளும் திரும்பினாள். அம்மா வேகம் கூட்டினால் இவளும் கூட்டினாள். தொலைக்காட்சியின் இடது கீழ்ப்பாதியை நீலமும் வெள்ளையுமாக ஒரு போலீஸ் கார் அடைத்துக்கொண்டு வந்தது. கூரையில் விளக்கு சுழன்றது. வரைபடத்தில் சிவப்புப் புள்ளி அம்மாவின் புள்ளியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பாலம் வந்தது. போனது. துறைமுகச் சாலை வந்தது.

"என்னடி, எங்க போன?" என்றாள் அம்மா. "பயந்துட்டியா?"

ஸ்பீக்கர் வாயைத் திறந்தார். பூனை அவரைப் பார்த்தாள். அவர் கையால் வாயை மூடிக்கொண்டார்.

"எங்கேயாவது குறுக்கு வழியில வந்து நிக்கிறியா? சொல்லுடி, எங்க இருக்க?"

"உன் பக்கத்துலதாம்மா இருக்கேன்," என்றாள் பூனை. "சந்தையிலேருந்து உன் பக்கத்துலயேதான் வர்றேன்."

அம்மாவின் முகம் மெல்ல இடது பக்கம் திரும்பியது. முகம் முழுவதும் திரும்பிய பிறகே அவள் கண் அந்தக் காரில் போய் நின்றது. பெடலிலிருந்து காலை எடுத்தாள். திரையில் கார் வேகம் குறைந்து, சாலையோரத்தில் தானாக நின்றது. பூனையின் காரும் பக்கத்தில் நின்றது. பிடிபட்டது என்று திரை சொன்னது. இந்த முறை சுழன்ற கார் எந்தப் பக்கமும் நசுங்காமல் இருந்தது.

பிறகு ஸ்பீக்கர்தான் பேசினார். வாழ்நாளில் முதல் தடவையாகச் சின்னக் குரலில்.

"அக்கா, நான் விளையாட்டா கத்திட்டு இருந்தேன்னு நினைச்சேன்."

"நீ விளையாட்டாத்தான் கத்தின. நான்தான் விளையாட்டா கேட்கலை." அம்மா ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். "கடைக்காரன்கிட்ட, எல்லாப் பக்கத்துலேருந்தும் வந்து இடிக்கிற மாதிரி விளையாட்டு ஏதாவது இருக்கான்னு கேட்டேன். என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு இதை எடுத்துக் குடுத்தான். தினமும் பழகினா பார்வை வந்துடும்னு நினைச்சேன். முன்னைவிடக் கொஞ்சம் வந்திருக்குதான்." ஸ்டீயரிங்கை ஒரு விரலால் தொட்டாள். "ஆடப் பிடிச்சும் போச்சு. அது வேற விஷயம்."

"அம்மா, நான் சொல்றதைச் செய்யறேன்னு சொன்ன."

"கண் டாக்டர்தானே?"

"அது நாளைக்கு. இன்னைக்கு வேற."

பூனை மேசைமேல் இருந்த அம்மாவின் கைப்பேசியை எடுத்தாள். மேலாளரின் எண்ணைத் திரையில் கொண்டுவந்து அம்மாவின் வலது கைப்பக்கம் வைத்தாள். கைப்பேசியை வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"நான் பண்ணலாம்மா. எண் என்கிட்டயும் இருக்கு. ஆனா நீ பண்ணணும்."

"இது போச்சுன்னா எனக்கு என்னடி இருக்கு?" அம்மா கேட்டாள். கோபம் இல்லை. வழி கேட்பதுபோல் கேட்டாள்.

"எனக்குத் தெரியலை," என்றாள் பூனை. "ஆனா மூச்சு முட்டுறவங்க வீட்டுக்கு நீ போற வழியில, இடது பக்கம் யாரோ ஒருத்தர் சைக்கிள்ல வருவாங்க. அவங்களுக்கு நீ தெரிவே. உனக்கு அவங்க தெரிய மாட்டாங்க."

அம்மா திரையைப் பார்த்தாள். இரண்டு கார்களும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன. பிறகு ஷெட்டுக்குள் நுழைந்தபின் விடும் அந்த மூச்சை விட்டாள். இந்த முறை நட்சத்திரம் எதுவும் அணையவில்லை. கைப்பேசியை எடுத்து அழுத்தினாள். மூன்று முறை மணியடித்தபின் மறுமுனையில் குரல் கேட்டது.

"வணக்கம் சார். ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்றேன்... இல்ல சார், சாவி விஷயமாத்தான். காலையில வர்றேன், ஆனா சாவி வாங்க இல்ல... காய்ச்சல் எல்லாம் ஒண்ணுமில்ல." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வண்டி எடுப்பதற்கு முன்னால் அப்படித்தான் உட்காருவாள். "சார், நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் தலைவலின்னு லீவு போட்டேன் இல்லையா? அன்னையிலேருந்து எனக்கு இடது பக்கம் கீழ கண்ணு தெரியலை."